கொசுவின் வயதை எதைக் கொண்டு கணிப்பது? சூலகத்தைப் பார்ப்பதா, அகச்சிவப்பு ஒளியா?

மலேரியா ஒட்டுண்ணியை இரத்தத்தோடு உறிஞ்சிய அனோஃபிலிஸ் கொசு மறுநாளே அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடாது. ஒட்டுண்ணி கொசுவின் குடல் சுவரைத் துளைத்து, அங்கேயே பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடைய வேண்டும். மலேரியா ஒட்டுண்ணிகளில் ஒன்றான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்துக்கு இதற்கென்று பழைய கணக்கு ஒன்று உண்டு: சராசரி வெப்பநிலையிலிருந்து 16-ஐக் கழியுங்கள், கிடைத்த எண்ணால் 111-ஐ வகுங்கள். 26 டிகிரி செல்சியஸில் 11 நாள் வரும்; 24 டிகிரியில் கிட்டத்தட்ட 14 நாள். கூட்டிலிருந்து வெளிவந்து இரண்டு மூன்று நாளில் கொசு முதல் இரத்தம் குடிக்கிறது. ஆக, ஏறத்தாழ இரண்டு வாரம் தாண்டிய பெண் கொசுதான் நோயைக் கொடுக்கும்.

அதனால்தான் கொசுக்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் வயது பெரிதாகிறது. நாள் ஒன்றுக்கு 100-ல் 85 கொசு பிழைக்கும் ஊரில், 12 நாள் தாக்குப்பிடிப்பவை 14. அந்த 85 என்பது 75 ஆகக் குறைந்தால், 12 நாள் தாக்குப்பிடிப்பவை வெறும் 3. மருந்தேற்றிய வலையும் வீட்டுச் சுவரில் தெளிக்கும் மருந்தும் மலேரியாவை அடக்குவது பெரும்பாலும் இந்த வழியில்தான். கொசு குறையாமலே நோய் குறையலாம். கொசு குறைந்தும் நோய் குறையாமல் போகலாம். வலை இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய விரும்புகிறவர் வயதைப் பார்க்காமல் தப்ப முடியாது.

வயதைப் பார்க்க இன்று நடைமுறையில் மூன்று வழிகள் முன்னால் இருக்கின்றன: சூலகத்தைப் பிளந்து பார்ப்பது, அண்மை அகச்சிவப்பு ஒளி, நடு அகச்சிவப்பு ஒளி. தோல் மெழுகை வாயு நிறப்பிரிகையில் பிரிப்பது, மரபணு வெளிப்பாட்டை அளப்பது, ராமன் ஒளிச்சிதறல் என்று வேறு முயற்சிகளும் உண்டு. ஒவ்வொரு கொசுவுக்கும் ஆகும் செலவையோ தேவைப்படும் ஆய்வகத்தையோ பார்த்தால், கிராமம் கிராமமாகக் கொசு பிடிக்கும் குழுவுக்கு அவை இப்போதைக்கு ஒத்துவராது. எனவே மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சூலகம் சொல்வது

சோவியத் பூச்சியியலாளர்கள் வகுத்த முறை இது. டெட்டினோவா எழுதி உலக சுகாதார நிறுவனம் 1962-ல் வெளியிட்ட கையேடுதான் இன்றும் அடிப்படை. ஒரு முறைகூட முட்டையிடாத கொசுவின் சூலகத்தில் மூச்சுக்குழல்களின் நுண்கிளைகள் நூல்கண்டு போலச் சுருண்டிருக்கும். முட்டை முதிரும்போது சூலகம் ஊதிப் பெருக்கும். அந்தச் சுருள் அவிழ்ந்து நீளும். பிறகு எப்போதும் பழையபடி சுருளாது. அதைப் பார்த்து "முட்டையிட்டது", "முட்டையிடாதது" என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

கொசுவை ஸ்லைடின் மேல் ஒரு சொட்டுக் காய்ச்சி வடித்த நீரில் வைத்து, ஒரு ஊசியால் மார்பை அழுத்திக்கொண்டு, மற்ற ஊசியால் வயிற்றின் கடைசிக் கண்டங்களை மெல்ல இழுத்தால் இரண்டு சூலகங்களும் வெளியே வரும். அவற்றைப் புதுச் சொட்டு நீருக்கு மாற்றி, உலரவிட்டு, கூட்டு நுண்ணோக்கியில் முதலில் 10 மடங்குப் பொருளருகு வில்லையிலும் சந்தேகம் வந்தால் 40-லும் பார்க்க வேண்டும். உப்புக் கரைசலில் உலரவிட்டால் உப்புப் படிகம் கட்டி நுண்கிளைகளை மறைத்துவிடும். வடிநீர் என்று வற்புறுத்துவது அதனால்தான். உலர்ந்த ஸ்லைடு கெடாது. மறுநாள் வேறொருவர் பார்த்துச் சரிபார்க்கலாம் என்பது இந்த முறையின் பெரிய வசதி.

எல்லாக் கொசுவும் இதற்கு உதவாது. இரத்தம் குடித்துப் பாதி செரித்த நிலையிலோ முட்டை சுமந்த நிலையிலோ உள்ள கொசுவில் சுருள் ஏற்கெனவே நீண்டிருக்கும், படிக்க முடியாது. வயிறு காலியாக இருக்கும் கொசுவே வேண்டும். அதுவும் அன்றே பிடித்தது வேண்டும். ஒளிப்பொறியில் இரவு முழுக்க விசிறிக் காற்றில் கிடந்து காலையில் காய்ந்துபோன கொசுவின் சூலகம் இழுக்கும்போதே கிழியும்.

போலோவோடோவா காட்டிய நுட்பமான வழி ஒன்றும் உண்டு. ஒவ்வொரு முட்டையிடலும் சூலகக் குழலின் காம்பில் ஒரு முடிச்சை விட்டுச்செல்லும். முடிச்சை எண்ணினால் எத்தனை முறை முட்டையிட்டது என்று தெரியும். சொல்வது எளிது. உயிருள்ள திசுவை உப்புக் கரைசலில் வைத்து ஒவ்வொரு காம்பாக இழுத்து நீட்டிப் பார்க்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் மிகச் சிலர். இருவர் எண்ணினால் இரண்டு விடை வருவதும் சகஜம். வழக்கமான கண்காணிப்புக்கு இதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

முட்டையிட்டவை எத்தனை விழுக்காடு என்பதிலிருந்து நாளொன்றுக்குப் பிழைக்கும் வீதத்தை எடுப்பது டேவிட்சன் 1954-ல் தந்த கணக்கு. இரத்தம் குடிப்பதற்கும் முட்டையிட்டு மீண்டும் குடிக்க வருவதற்கும் இடையே 3 நாள் என்றால், முட்டையிட்ட விகிதத்தின் கனமூலமே பிழைப்பு வீதம். 61 விழுக்காடு முட்டையிட்டிருந்தால் பிழைப்பு வீதம் 0.85, 42 விழுக்காடு என்றால் 0.75. மேலே சொன்ன 14-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடு, நுண்ணோக்கியில் 61-க்கும் 42-க்கும் உள்ள வேறுபாடாகத் தெரிகிறது.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடம் மழைக்காலம். மழை பெய்து பத்துப் பன்னிரண்டு நாளில் புதுக்கொசு திரளாக வெளிவரும்போது முட்டையிட்டவற்றின் விழுக்காடு தானாகச் சரியும். ஒரு கொசுகூடக் கூடுதலாகச் சாகவில்லை. வலை கொடுத்ததும் மழை வந்ததும் ஒரே மாதம் என்றால், மழையின் வேலையை வலையின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒப்பிடும் ஊர்களில் ஒரே வாரத்தில் பிடிப்பதும், ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்வதும்தான் இதற்கு மருந்து.

ஒளி எதைப் படிக்கிறது

கொசுவின் புறத்தோல் கைட்டின், புரதம், மெழுகு மூன்றும் சேர்ந்தது. வயது கூடக் கூட இவற்றின் அளவும் பிணைப்பும் மாறுகின்றன. வேதிப் பிணைப்புகள் தத்தமக்குரிய அலைநீளத்தில் அகச்சிவப்பை உறிஞ்சுவதால், ஒளியை அனுப்பி மிச்சத்தை அளந்தால் அந்த மாற்றம் நிறமாலையில் பதியும். கண்ணால் பார்த்தால் 3 நாள் கொசுவின் கோடும் 12 நாள் கொசுவின் கோடும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டைப் பிரித்தெடுப்பது இயந்திரக் கற்றல் மாடல், அதாவது வயது தெரிந்த கொசுக்களின் நிறமாலையில் பழகிய கணினி நிரல். ஆகவே கருவியை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை; கருவியும் மாடலும் சேர்ந்ததுதான் முறை.

அண்மை அகச்சிவப்பு என்பது 2500 நானோமீட்டர் வரையிலான பகுதி. இங்கே தெரிவது பிணைப்புகளின் மேலதிர்வுகளும் கூட்டதிர்வுகளும். முகடுகள் அகலமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒளி உடலுக்குள் ஆழமாகப் போகிறது. நன்மையும் அதுதான், தொல்லையும் அதுதான்: உள்ளிருக்கும் நீரும் இரத்தமும் முட்டையும் நிறமாலையில் கலந்துவிடும். 1450, 1940 நானோமீட்டர் அருகே நீரின் முகடுகள் மற்றதை அமுக்கிவிடும்.

நடு அகச்சிவப்பு என்பது அலை எண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 4000 முதல் 400 வரை. இங்கே அடிப்படை அதிர்வுகளே தெரியும். முகடுகள் கூர்மையாக, பெயர் சொல்லிக் காட்டும்படி இருக்கும். 1650, 1540 அருகே புரதம். 2920, 2850-ல் மெழுகின் நீண்ட சங்கிலிகள். 1745 அருகே எஸ்டர். 1000 முதல் 1100 வரை கைட்டின். வைரப் படிகத்தின் மேல் கொசுவை அழுத்தி அளக்கும்போது ஒளி ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழமே புகும். புறத்தோலைத் தாண்டாது. வயதைக் காட்டும் பொருள் அங்கேதான் இருக்கிறது என்பதால் இது நமக்குச் சாதகம்.

அண்மை அகச்சிவப்பு: வேகம் இருக்கிறது, ஊன்றிக்கொள்ள இடம் குறைவு

வழக்கமான ஏற்பாடு இது: ஒளியிழை பொருத்திய நிறமாலைமானி, ஒளியை நன்றாகத் திருப்பியனுப்பும் வெள்ளை ஸ்பெக்ட்ரலான் தட்டு, கொசுவின் தலைக்கு மேல் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒளியிழை முனை. ஹாலோஜன் விளக்கு சூடேற அரை மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டால் காலையில் அளந்த கொசு ஒரு மாதிரியும் மதியம் அளந்தது ஒரு மாதிரியும் இருக்கும். வெறும் தட்டில் வெள்ளை அளவு எடுத்துவிட்டு, கொசுவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலையும் மார்பும் முனைக்கு நேர்கீழே வரும்படி நகர்த்தி அளக்கலாம். ஒரு கொசுவுக்குச் சில நொடிகள் போதும். கொசு சேதமாவதில்லை, அதே கொசுவை அப்படியே இனத்தை உறுதிசெய்யும் பி.சி.ஆர். மரபணுச் சோதனைக்கும் ஒட்டுண்ணிச் சோதனைக்கும் அனுப்பலாம்.

தான்சானியாவின் இஃபாகரா சுகாதார நிறுவனத்தில் தொடங்கிய வேலை இது. 2009-ல் வெளியான முதல் முடிவில், 7 நாளுக்குக் குறைந்தது, 7 நாளும் அதற்கு மேலும் என்று இரண்டாகப் பிரித்தபோது ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாக வந்தது. காம்பியே, அராபியன்சிஸ் என்ற இரட்டை அனோஃபிலிஸ் இனங்களைப் பிரிக்கவும் அதே நிறமாலை உதவியது. நுண்ணோக்கியில் பிரிக்கவே முடியாத இரண்டு அவை.

பிறகு சிக்கல் வெளிப்பட்டது. கூண்டில் சர்க்கரைக் கரைசலும் குறித்த நாளில் இரத்தமும் கொடுத்து வளர்த்த கொசுவில் பழகிய மாடல், வயல்வெளியில் பிடித்த கொசுவில் தடுமாறியது. வயலில் வெப்பம், புழுப் பருவத்து உணவு, கடைசியாக இரத்தம் குடித்த நேரம் என எல்லாம் ஒவ்வொரு கொசுவிலும் வேறு. ஆழம்வரை பார்க்கும் ஒளி அத்தனையையும் வயதோடு சேர்த்துப் பதிகிறது. இதற்குக் கண்ட உருப்படியான மாற்று ஒன்று: வயலில் பிடித்த கொசுவை முதலில் அளந்து, பிறகு அதையே பிளந்து, முட்டையிட்டதா இல்லையா என்ற விடையை மாடலுக்குக் கற்றுக்கொடுப்பது. அப்போது மாடல் நாள்கணக்கைச் சொல்லாது. டெட்டினோவா சொல்வதையே வேகமாகச் சொல்லும். அண்மை அகச்சிவப்புக் கருவி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் இந்த வழியில் போவதே நல்லது.

புதுக்கொசு, சிலிக்கா ஜெல்லில் உலர்ந்தது, மரபணுப் பொருளைக் கெடாமல் காக்கும் ஆர்.என்.ஏ.லேட்டர் திரவத்தில் ஊறியது ஆகிய மூன்றையும் தனித்தனியே அளக்கலாம். கலக்கக் கூடாது. புதுக்கொசுவில் பழகிய மாடலிடம் உலர்ந்த கொசுவைக் காட்டினால், நீர் வற்றியதை அது வயது என்று வாசிக்கும்.

நடு அகச்சிவப்பு: பொறுமை கேட்கும், பதில் தெளிவாக வரும்

2022-ல் இஃபாகராவும் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் புர்க்கினா ஃபாசோவின் போபோ-டியூலாசோ ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையில் திருப்பம். காம்பியே, அராபியன்சிஸ், கொலுஸ்ஸி ஆகிய மூன்று இனங்களிலுமாக 40,000-க்கும் மேற்பட்ட பெண் கொசுக்களின் நடு அகச்சிவப்பு நிறமாலையை ஆழ்கற்றல் மாடலுக்குக் கொடுத்தார்கள். ஆய்வகக் கொசு மட்டும் இல்லாமல், வயலில் எடுத்த புழுக்களிலிருந்து வளர்த்தவற்றையும் திறந்தவெளி வலைக்கூடத்தில் வளர்த்தவற்றையும் சேர்த்தார்கள். வயதை 1–4, 5–10, 11–17 நாள் என மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். புது ஊருக்குப் போகும்போது அங்குள்ள கொஞ்சம் கொசுவைக் காட்டி மாடலைப் பழக்கிக்கொண்டால் போதும் என்று காட்டியதுதான் அதன் பயன்மிக்க முடிவு. கட்டுப்பாட்டு நடவடிக்கையால் வயதமைப்பு இளமைப் பக்கம் நகர்வதை, உருவகப்படுத்திய தரவில் மாடல் கண்டுகொண்டது.

வேலையின் வரிசையை அப்படியே சொல்கிறோம். பிழைகள் ஒளிந்திருப்பது இங்கேதான்.

குளோரோஃபார்ம் தோய்த்த பஞ்சால் கொசுவைக் கொல்லுங்கள். சிறு குப்பியின் அடியில் சிலிக்கா ஜெல், மேலே மெல்லிய பஞ்சு, அதன் மேல் கொசு. இரண்டு மூன்று நாள் உலர வேண்டும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்குங்கள். நிறம் மாறிய குப்பியில் இருந்த கொசு உலர்ந்திருக்காது. எத்தனாலில் மட்டும் போடாதீர்கள். அது மெழுகைக் கரைத்தெடுக்கும்; 2920, 2850, 1745 முகடுகள் சாய்ந்துவிடும்; அந்தக் கொசுவின் வயது அத்தோடு போயிற்று.

உலர்ந்த கொசுவின் வயிற்றை இடுக்கியால் பிரித்து, எண்ணிட்ட குப்பியில் கால்களோடு போடுங்கள். அது பி.சி.ஆருக்கும் இரத்தம் யாருடையது என்று பார்ப்பதற்கும். தலையும் மார்பும் சேர்ந்த துண்டை வைரப் படிகத்தின் நடுவில் வைத்து, அழுத்துதண்டைக் கீழிறக்கி, 4 என்ற பிரிதிறனில் 32 ஸ்கேன் எடுங்கள். துடைப்பது உட்பட ஒரு கொசுவுக்கு இரண்டு நிமிடம் வைத்துக்கொண்டால் நாளுக்கு 150 முதல் 200 வரை முடியும். ஒவ்வொரு கொசுவுக்குப் பிறகும் படிகத்தையும் தண்டின் நுனியையும் எத்தனால் தோய்த்த நாரற்ற தாளால் துடைக்க வேண்டும். தண்டின் நுனியை மறப்பவர்கள் அதிகம். முந்தைய கொசுவின் மார்புச் செதில் அதில் ஒட்டிக்கொண்டு அடுத்த கொசுவின் நிறமாலையில் கலக்கும்.

திரையில் பார்க்க வேண்டியவை நான்கு. 3300 அருகே பெரிய மேடு எழுந்து, 1650 முகடு 1540-ஐவிட அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் கொசு உலரவில்லை. 2350 அருகே இரட்டைக் கொம்பு தெரிந்தால் அது கரியமிலவாயு. பெரும்பாலும் கருவியின் மேல் குனிந்து வேலை செய்பவரின் மூச்சு. கொசு வைக்காமல் எடுக்கும் பின்னணி அளவை மறுபடி எடுக்க வேண்டும். முழு நிறமாலையும் தாழ்ந்து தட்டையாகக் கிடந்தால் கொசு படிகத்தைச் சரியாகத் தொடவில்லை. திருப்பி வைத்து அழுத்துங்கள். 1900 முதல் 2300 வரை இரைச்சல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வைரமே அங்கே ஒளியை உறிஞ்சுகிறது. அந்தப் பகுதியையும் 2350 பகுதியையும் மாடலுக்குக் கொடுக்காமல் வெட்டிவிடுவது நல்லது. கொடுத்தால், கொசுவை விட்டுவிட்டு அறையின் காற்றைப் படிக்க மாடல் கற்றுக்கொள்ளும்.

எத்தனை கொசு வேண்டும்?

முறைகளை ஒப்பிடுகிறவர்கள் "துல்லியம் எத்தனை விழுக்காடு" என்று மட்டும் கேட்கிறார்கள். முடிவெடுக்க உதவும் கேள்வி வேறு: ஒரு மாற்றத்தைப் பிடிக்க எத்தனை கொசு அளக்க வேண்டும்?

முதலில் கணக்கில் சிக்கவைக்கும் ஒரு பொறியைப் பார்த்துவிடுவோம். ஊரில் 10 நாள் தாண்டிய கொசு உண்மையில் 10 விழுக்காடு. மாடல் இரு பக்கமும் 80 விழுக்காடு சரி. அது "முதியது" என்று எத்தனையைச் சொல்லும்? உண்மை முதியவற்றில் 8, இளையவை 90-ல் தவறாகச் சொன்னவை 18, மொத்தம் 26. உள்ளதைப்போல் இரண்டரை மடங்கு. இந்த 26-ஐ அப்படியே அறிக்கையில் எழுதுவது பெரும் தவறு. திருத்தம் எளிது: 0.26-உடன் 0.80-ஐக் கூட்டி 1-ஐக் கழித்து, வருவதை 0.60-ஆல் வகுத்தால் 0.10 கிடைக்கும். அந்த 0.60 என்பது இரு பக்கத் துல்லியங்களைக் கூட்டி 1-ஐக் கழித்தது. அது சிறுக்கச் சிறுக்க, திருத்திய விடையின் நிச்சயமின்மை பெருகும்.

இப்போது பிழைப்பு வீதம் 0.85-லிருந்து 0.75-க்கு விழுகிறது என்று வைப்போம். 10 நாள் தாண்டியவை சுமார் 20 விழுக்காட்டிலிருந்து 6-க்கு இறங்கும். வழக்கமான புள்ளியியல் அளவுகோலில், அதாவது 5 விழுக்காடு பிழையும் 80 விழுக்காடு கண்டறிதிறனும் வைத்தால், முன்னும் பின்னும் தலா எத்தனை கொசு வேண்டும் என்று கணக்கிட்டால்:

- சூலகம் பார்த்தால் (61-லிருந்து 42): சுமார் 105
- 95 விழுக்காடு சரியான மாடலால்: சுமார் 135
- 80 விழுக்காடு சரியான மாடலால்: சுமார் 440

ஊர்களுக்கிடையே உள்ள வேறுபாடு இந்த எண்களை இன்னும் ஏற்றும். ஒப்பீட்டின் வரிசை மாறாது. 105 கொசுவைப் பிளப்பது இருவர் கொண்ட குழுவுக்குச் சில நாள் வேலை. ஆக, பெரிய மாற்றம், ஒரே இனம், ஓரிரு ஊர் என்றால் நுண்ணோக்கியை வீழ்த்த எந்த ஒளியாலும் முடியாது. இதை ஒளிமுறைக்காரர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நிலைமை மாறுவது மாற்றம் சிறிதாக இருக்கும்போது. வலை நைந்து மருந்து குறையும்போது பிழைப்பு வீதம் தடாலென்று மாறாது; 0.82-லிருந்து 0.85-க்கு மெல்ல ஏறும். அதைப் பிடிக்கச் சூலக முறைக்கே தலா ஆயிரத்தை நெருங்கும் கொசு வேண்டும்; 80 விழுக்காட்டு மாடலுக்கு 2,500. பத்து ஊர், இரண்டு பருவம் என்று பெருக்கினால், அன்றன்றே புதுக்கொசுவைப் பிளக்கும் ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். உலர்த்திக் குப்பியில் வைத்து, மழைக்காலம் முடிந்த பிறகு வரிசையாக அளக்க முடிகிற நடு அகச்சிவப்பு இங்கே முந்துகிறது. இனத்தையும் அதே அளவீட்டில் கணிக்கலாம் என்பது கூடுதல் லாபம். ஆனால் ஒரு பங்குக் கொசுவையாவது பி.சி.ஆரில் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு தனிக் கொசுவின் வயது இத்தனை நாள் என்று கேட்காதீர்கள். மூன்று முறையும் அதற்குத் தகுதியற்றவை. கூட்டத்தின் வயதமைப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் கேட்கத்தக்கது.

வயது தெரிந்த கொசு எங்கிருந்து வரும்?

இந்த ஒப்பீட்டில் எங்கள் தீர்ப்பு தொங்குவது இந்த ஒரு கேள்வியில்தான். வயலில் பிடித்த கொசுவின் உண்மை வயது யாருக்கும் தெரியாது. மாடலுக்குக் கற்பிக்க, வெளிவந்த நாள் தெரிந்த கொசு வேண்டும். அதைத் தர உங்கள் பகுதியில் ஒரு கொசுக்கூடமும் அதை நடத்தத் தெரிந்த ஆளும் இல்லையென்றால், நிறமாலைமானி வாங்காதீர்கள்.

கொசுக்கூடம் இருந்தாலும் தவறு நடக்கும் விதம் ஒன்று இருக்கிறது. மிகச் சாதாரணமாக நடப்பது. 3 நாள் கொசு எல்லாம் ஒரே கூண்டிலிருந்து, 12 நாள் கொசு எல்லாம் வேறொரு கூண்டிலிருந்து. முதல் கூண்டைத் திங்கள் அன்று அளந்தார்கள், அடுத்ததை வெள்ளி அன்று. மாடல் 98 விழுக்காடு துல்லியம் காட்டும், எல்லோரும் மகிழ்வார்கள். அது கற்றது வயதை இல்லை, கூண்டையும் கிழமையையும். வயலுக்குப் போனதும் குப்புற விழும். ஒவ்வொரு வயதையும் பல தலைமுறை, பல கூண்டுகளிலிருந்து எடுங்கள். குறைந்தது ஐந்து தனித்தனித் தொகுதிகளாவது வேண்டும், மழைக்காலமும் வறட்சிக்காலமும் அதில் வர வேண்டும். அளக்கும் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். சோதிக்கும்போது கொசுக்களைக் கலைத்துப் பிரிக்காமல், ஒரு தொகுதியை முழுதாக ஒதுக்கிவைத்து அதில் சோதியுங்கள். அப்போது வரும் எண் குறைவாக இருக்கும். நம்ப வேண்டிய எண் அதுதான்.

அனோஃபிலிஸ் ஃபுனெஸ்டஸ் இருக்கும் இடங்களில் இது இன்னும் கடினம். தெற்குத் தான்சானியாவின் கிலோம்பேரோ சமவெளியில் இன்று மலேரியாவின் பெரும்பகுதியைக் கடத்துவது அந்த இனம். கூண்டில் அது எளிதாக இணை சேராது, வளராது. வயலில் பிடித்த தாய்க்கொசுவை முட்டையிடவைத்து, அந்த முட்டையிலிருந்து வந்த முதல் தலைமுறையைத்தான் வயது தெரிந்த கொசுவாகப் பயன்படுத்த வேண்டியிருக்கும். காம்பியே கூட்டத்தில் பழகிய மாடலை அதன்மேல் ஓட்டி வரும் விடைக்கு மதிப்பில்லை. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளில் பெருகும் அனோஃபிலிஸ் ஸ்டெஃபென்சிக்கும் இதே விதி. 2012-ல் ஜிபூட்டியில் காணப்பட்டதிலிருந்து ஆப்பிரிக்க நகரங்களில் அது பரவிவருவதால், இந்தக் கேள்வி நம் ஊருக்கும் அங்குள்ளோருக்கும் பொதுவாகிவிட்டது. ஸ்டெஃபென்சியைக் கூண்டில் வளர்ப்பது எளிது என்பது ஆறுதல்.

எங்கள் தேர்வு

கேள்வி ஒன்றிரண்டு ஊர்களைப் பற்றியது, எதிர்பார்க்கும் மாற்றம் பெரிது, பணம் குறைவு என்றால் டெட்டினோவா முறை. இருவருக்குப் பயிற்சி கொடுங்கள். பத்தில் ஒரு ஸ்லைடை ஒருவர் பார்த்ததை மற்றவர் விடை தெரியாமல் மறுபடி பார்க்கட்டும்.

பல ஊர், பல ஆண்டு, சிறு மாற்றம், அருகில் கொசுக்கூடம் என்றால் நடு அகச்சிவப்பு. அப்போதும் நுண்ணோக்கியை மூட்டைகட்ட வேண்டாம். ஒவ்வொரு பருவத்திலும் 100 கொசுவையாவது பிளந்து, முட்டையிட்டவற்றின் விழுக்காடும் மாடலின் வயதமைப்பும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று பாருங்கள். எதிரெதிரே நகர்ந்தால் மாடலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அண்மை அகச்சிவப்பை இதற்காகப் புதிதாக வாங்கச் சொல்லமாட்டோம். கொசுவைச் சிதைக்கவே கூடாது என்ற கட்டாயம் இருந்தாலோ, கருவி ஏற்கெனவே இருந்தாலோ, முட்டையிட்டதா இல்லையா என்று பிரிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

எதைத் தேர்ந்தாலும் கொசு பிடிக்கும் வழியை நடுவில் மாற்றாதீர்கள். சி.டி.சி. ஒளிப்பொறியில் பெரும்பாலும் இரத்தம் தேடி வரும் கொசு விழும்; சுவரில் அமர்ந்ததை உறிஞ்சுகுழலால் பிடித்தால் இரத்தம் குடித்தவை அதிகம் கிடைக்கும். இரண்டின் வயதமைப்பும் ஒன்றல்ல.

நடு அகச்சிவப்புக் கருவிக்கு ஆர்டர் எழுதுகிறவர்களுக்கு: கருவிக்குள் ஒளிக்கற்றையைப் பிரிக்கும் ஒளிப்பகுப்பான் துத்தநாக செலினைடில் இருக்கட்டும். வழக்கமான பொட்டாசியம் புரோமைடு ஈரக்காற்றில் மங்கிப்போகும்; கடலோர ஊரில் மின்சாரம் போய் ஏ.சி. நின்ற வாரக்கடைசி ஒன்றே போதும். கருவிக்குள் வைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டி இரண்டு கூடுதலாக வாங்குங்கள். மின்தடைக்கு யு.பி.எஸ். வேண்டும். நிறமாலையைக் கருவி நிறுவனத்தின் சொந்த வடிவத்தில் மட்டும் சேமிக்காமல், யாரும் திறக்கக்கூடிய எண்வரிசைக் கோப்பாகவும் சேமிக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கொசுக் குப்பியின் எண், தொகுதி, கூண்டு, கொன்ற நேரம், அளந்த நேரம், அளந்தவர் பெயர் ஆகிய ஆறும் கோப்பின் பெயரிலோ அதோடு சேர்ந்த அட்டவணையிலோ இருக்க வேண்டும். மாடல் கூண்டைக் கற்றதா வயதைக் கற்றதா என்று பின்னால் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.